துப்பாக்கிக்கு வைத்தியம்

அமெரிக்காவின் மொன்டானாவில் மறுநாள் மான் வேட்டை தொடக்கம். ஊருக்கெல்லாம் குறிபார்க்கப் பாடம் நடத்தும் ஆர்வில், தன் லேசான புதுத் துப்பாக்கியால் குறி அட்டையின் ஓரத்தைக்கூடத் தொட முடியாமல் தவித்தார்.

“குறிபார்க்கிற லென்ஸை மாத்தியாச்சு, ஸ்க்ரூவை இறுக்கியாச்சு. குழல்தான் கோணல், நடீன், தூக்கிப் போட்டுடலாம்!”

“அப்ப குளிர்காலத்துக்குக் கறி? கொடு இங்க.” மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ செய்து நீட்டினாள். “இப்ப சுடு.”

ஆர்வில் விசையை இழுத்தார். கண்கள் இறுக மூடின, தோள் பின்வாங்கியது, குழல் சரேலென்று தரையைப் பார்த்தது.

“பாத்தியா, என்னமா உதைக்குது!”

“தோட்டாவே போடலையே, ஆர்வில்! உதைக்கும்னு பயந்து நீதான் துள்ளறே.”

ஆர்வில் வெடித்துச் சிரித்தார். “ஊர்ல சொல்லிடாதே தாயே!”

“சொல்லல. நாளைக்கு நான் சுடறேன், நீ மானைச் சுமந்துட்டு வா. துப்பாக்கிதான் லேசு, மான் இல்ல.”