கண்டன்சர் மேல் விழுந்த பழி

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் ஒரு கிழட்டுக் காரில், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலும், அதன் இடுப்பை ஒட்டி அதற்குத் துணையான குட்டிக் கண்டன்சரும் குடியிருந்தன. அன்று மண்டப வாசலில் இன்ஜினை நிறுத்தியவர்கள், சாவியை மட்டும் ஆனிலேயே விட்டுவிட்டார்கள். பாட்டு கேட்க வேண்டுமாம், தண்டங்களுக்கு! ஓடாத இன்ஜினுக்காகக் காயிலுக்குள் கரண்டு பாய்ந்துகொண்டே இருந்தது.

கண்டன்சருக்கு அடுப்பில் உட்கார்ந்தது போலிருந்தது. "சாவியண்ணே, கொஞ்சம் திரும்புங்க! அக்கா வேகுறாங்க, கூட நானும் வேகுறேன்."

"திருப்பினாத்தான் திரும்புவேன். கட்டைவிரல் தண்டிகூட இல்ல, எனக்கு யோசனை சொல்ல வந்துட்டே," என்றது சாவி.

"யக்கா, நீங்களாவது கத்துங்க."

"சும்மா இருடா. போட்டோ எடுக்குறாங்க," என்றது காயில், எண்ணெய் கசியக் கசிய.

மாப்பிள்ளை ஏறினார். கார் அசையவில்லை. ஓடி வந்த மெக்கானிக் காயிலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "மட்டமான கண்டன்சர் சார், காயிலையும் சேர்த்துத் தின்னுடுச்சு," என்று அதைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினார்.

சாக்கடை சில்லென்றிருந்தது. அங்கே கிடந்தபடி கண்டன்சர் பார்த்தது. புதுக் காயில், புதுக் கண்டன்சரோடு கார் உறுமியது. பெண் வர நேரமாகும் என்றார்கள். இன்ஜினை நிறுத்தினார்கள்.

பாட்டு நிற்கவில்லை.