காற்று பலமாக இருந்த நாள்

ஏற்றத்தின் நடுவில் பழைய ஜீப் மூச்சிரைத்து நிற்கிறது. திறந்த பானெட்டிலிருந்து ஆவி நேராக மேலெழுந்து வெயிலில் கரைகிறது. ஓட்டிவந்த மனைவியை அவன் வழியெல்லாம் திட்டியிருக்கிறான். இன்னமும் விடவில்லை. "மேட்டுல இப்படிப் போட்டு இழுத்தா இஞ்சின் கொதிக்காம என்ன பண்ணும்? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்." பின்சீட்டில் மாமனார் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்க்கிறான், இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஹோஸ் எங்கும் ஒழுகவில்லை. முன்பக்கம் குனிந்து கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிடுகிறான். ரேடியேட்டரை மூடியபடி ஓர் அட்டை. பனிக்காலத்தில் இஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்று, மிக்சி வந்த பெட்டியை வெட்டி அவனே கட்டியது. நான்கு மூலையிலும் அவன் முறுக்கிய கம்பி. பனி போன பிறகு கழற்ற மறந்திருக்கிறான். அருகில் வந்த மனைவியும் பார்த்துவிடுகிறாள். துணியைச் சுற்றிய கையை உள்ளே விட்டு, முறுக்குகளைப் பிரித்து அட்டையை உருவுகிறாள்.

"என்னம்மா அது?" என்கிறார் ஜீப்பிலிருந்து இறங்கி வந்த மாமனார்.

"ஏதோ அட்டைப்பா. காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிட்டிருக்கு."

அவள் மூடிய கையிலிருந்து ஒரு கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. மாமனார் அதைப் பார்க்கிறார். பிறகு மாப்பிள்ளையைப் பார்க்காமல், "இருக்கும், இருக்கும். இன்னைக்குக் காத்து பலம்தான்" என்கிறார். சாலையோர மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.