மண்டி போட்ட கார்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாய் அழுகிப் போகட்டும்.

போன வாரம் வாங்கிய பழைய சொகுசு எஸ்யூவியோடு, சிதம்பரத்தில் கார் விற்கும் காசிநாதன் முன்னால் கொதித்துப்போய் நின்றார் கடலூர் அந்தோணிசாமி.

"யோவ், ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சா முன்பக்கம் தரையில படுத்துக்குதேய்யா!"

"சிதம்பரத்து வண்டி மாமா. நடராஜருக்கு மண்டி போட்டுப் பழகிடுச்சு."

"பக்தியா? வண்டியத் தூக்கி நிறுத்துற ஏர் சஸ்பென்ஷன் ஓட்டைய்யா! கியர் மாத்துனா குதிக்குதே?"

"அது தாண்டவம்."

"எஞ்சின்ல ஆயில் ஒழுகுதே?"

"ஆனந்தக் கண்ணீரு."

"அடப்பாவி! எல்லாத்தையும் மறைச்சு என் தலையில கட்டிட்டியே! ஊருக்குத் தெரிஞ்சா என் பொழப்பே போயிடும். மரியாதையா வண்டிய எடுத்துக்க!"

"நீங்களே குனிஞ்சு, நிமிர்ந்து, ஓட்டிப் பாத்துதானே மாமா வாங்குனீங்க?"



கடலூரில் யார் பழைய கார் வாங்கப் போனாலும், சோதித்துச் சொல்லக் கூட்டிப்போகும் மெக்கானிக் அந்தோணிசாமிதான்.