முறத்தில் வெள்ளி

ஓவர்சியர் மண்வெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சைத் தன் கையாலேயே இறுக்கினார்.

சர்க்கார் சாமான். காலையில் இன்ஜினியர் துரை வந்து பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் ஓவர்சியர் வேலை போய்விடும்.

வாய்க்கால் வெட்டும் வேலையை நிறுத்தச் சொல்லி முந்தின நாள் தந்தி வந்திருந்தது.

மதகு வரை தண்ணீர் நின்றது. மதகுக்கு இப்பால் ஒரு கூப்பிடு தூரம் வெட்டாத மண். அதற்கும் இப்பால் நாற்றங்கால். ஆடியில் தண்ணீர் வரும் என்று ஊரில் சொன்னவர் அவர்தான். அதை நம்பி விதைத்தார்கள்.

நாற்று நுனி பழுத்துக்கொண்டிருந்தது.

கூலியாட்கள் புளியமரத்தடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த வீராயி ஒரு முறத்தை அவர் காலடியில் வைத்தாள்.

தண்டை. கொலுசு. மெட்டி. ஒரு குழந்தையின் அரைஞாண்.

எல்லாம் வெள்ளி.

சர்க்காரிடம் காசில்லையென்றால் இதை விற்றுக் கூலி கொடுங்கள், மிச்ச மண்ணையும் வெட்டட்டும் என்றாள்.

அவர் முறத்தையே பார்த்தார்.

லண்டனில் வாங்கிய கடனில் வெட்டிய வாய்க்கால். கடனை அங்கே தங்கத்தில் கட்ட வேண்டும். இங்கே வரியாக வருவது வெள்ளி ரூபாய். வெள்ளி விலை விழ விழ, அதே கடனுக்கு இன்னும் இன்னும் ரூபாய் கப்பலேறியது.

வாய்க்காலுக்கு மிச்சமில்லை.

அவ்வளவையும் அவர் சொல்லவில்லை. வெள்ளி இறங்கிவிட்டது, இதை விற்றால் பாதிக் கூலிக்கும் தேறாது என்று மட்டும் சொன்னார்.

வீராயி தன் கணுக்காலைப் பார்த்தாள். தண்டை கிடந்த இடம் வளையமாக வெளுத்திருந்தது.

“எங்க காலுலதானே சாமி கெடந்துச்சு. அதுக்கும் கீழ எங்க எறங்கும்?”

பின்னால் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

முறத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

வீராயி வெட்டாத மண்ணுக்குப் போனாள். குந்தி, இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தால் கொத்தினாள். வெயிலில் இறுகிய மண். பிடி முறிந்தது. விரல்களால் பறித்தாள். மற்றவர்களும் போய்க் குந்தினார்கள்.

வண்டிக்காரன் மாடுகளைப் பூட்டியிருந்தான். அவர் அவிழ்க்கச் சொன்னார். தண்ணீர் காட்ட வேண்டுமாம்.

இப்போதுதான் குடித்தன என்றான் அவன்.

“இன்னும் குடிக்கும். வா.”

கிளம்பும்முன் வண்டியைச் சுற்றி வந்தார். கயிற்று முடிச்சில் அவர் கை சற்று நேரம் இருந்தது. எடுத்தபோது முடிச்சு தளர்ந்திருந்தது.

இருவரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மதகுக்கு நடந்தார்கள்.

பாதி வழியில், பின்னால் வண்டிப் பக்கமிருந்து இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவர் திரும்பவில்லை.

மாடுகள் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

அவர் அவற்றின் அருகிலேயே நின்றார். பொழுது சாயும்வரை நின்றார்.