துரையிடம் தோற்ற கை

குருவிட்ட தொடங்கி இரத்தினபுரி வரைக்கும் என்னைத் தோற்கடிக்கக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

கெரம், செஸ், கல்லூரி விவாத மேடை, பஸ்ஸில் ஜன்னலோர சீட். எதிலும் நான் விட்டுக்கொடுத்தது கிடையாது.

இப்போது எங்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் அலுமாரி உயரத்துக்கு ஒரு வீடியோ கேம் மெஷின் நிற்கிறது. காம்பராக் கதவுக்குள் நுழையாததால் வாசலோடு நின்றுவிட்டது. அதன் முன்னால் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அப்பா.

மழை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. ஆகவே வரிசைக் காம்பராக்களின் சனம் எல்லாம், லயம் முழுவதும், இங்கேதான் இருக்கிறது. கரண்ட் குறைந்துவிடக் கூடாதென்று எல்லாரும் அவரவர் காம்பராவில் விளக்கையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது.

அப்பா, தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் அப்பு. துரையின் குடும்பம் கொழும்பில். சாப்பாடு முடிந்ததும் துரைக்குப் பொழுது போகாது. "அப்பு, மெஹே வரென்" என்று சிங்களத்தில் கூப்பிட்டு, இதே மெஷினின் இன்னொரு பிடியை அப்பாவின் கையில் கொடுப்பார். எட்டு வருஷம் இருவரும் திரையில் சண்டை போட்டார்கள். எட்டு வருஷமும் துரைதான் ஜெயித்தார்.

"வேணும்னே தோத்தேன்," என்று அப்பா லயத்துக்கு வந்து சொல்வார். "நெனச்சிருந்தா ஒரே குத்துல சாச்சிருப்பேன்."

இந்த வாக்கியத்தை லயமே மனப்பாடம் செய்து வைத்திருந்தது. துரைக்கு எதிரே நின்று வாய் திறந்தவர்கள்கூட இங்கே இல்லை. அப்பா ஒருவர்தான் கை ஓங்கி, போனால் போகிறான் என்று துரையை விட்டுவைத்தவர்.

துரை மாற்றலாகிப் போனபோது பங்களா சாமான்களை விற்றார். அம்மா அலுமாரி கேட்டார். அப்பா இதை வாங்கினார். பங்களா மேட்டிலிருந்து ஆம்பளைகள் எல்லாரும் சேர்ந்து, சாமி தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார்கள். அரோகரா மட்டும்தான் சொல்லவில்லை.

நான் அப்போதே சொல்லிவிட்டேன்.

"வேணும்னே தோக்குறதெல்லாம் ஒரு பெருமையாப்பா? கும்பிடு போடுறதுல அது இன்னொரு வகை. என் கை அதுக்கெல்லாம் வளையாது."

அப்பா கோபப்படவில்லை. "வாடா காலேஜு, பாப்போம்," என்றார்.

பார்க்கத்தான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள்.

மூன்று சுற்று. இரண்டை எடுப்பவனுக்கு ஆட்டம். நான் ஒரு பயில்வானைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா, வெள்ளை உடுப்புப் போட்ட ஓர் ஒல்லி ஆளை.

"ஐயாவு அண்ணே, இன்னிக்கித் தொர இல்ல. நல்லாக் குடுங்க!" என்றார் அப்பாவிடம் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா அத்தை.

முதல் சுற்று, அத்தை வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜெயித்தது நான்.

யாரும் கலங்கவில்லை.

"பழக்கதோசம்!" என்றார் அத்தை. "தோத்துத் தோத்து வந்த கை, ஒடனே திரும்புமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

இரண்டாம் சுற்றில்தான் நான் அப்பாவின் கையைப் பார்த்தேன்.

ரொட்டிக்கு மாப் பிசைவதுபோல எல்லாப் பொத்தான்களையும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நாக்கைக் கடித்திருந்தார்.

வேண்டுமென்றே தோற்பவனுக்கு அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். அப்பாவின் கண்கள் திரையில் தன் ஆள் எது என்று தேடிக்கொண்டிருந்தன.

அந்த ஆள் எனக்கு முதுகைக் காட்டி, மூலையில் நின்று சுவரைக் குத்திக்கொண்டிருந்தான்.

அப்பா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமும் இப்படித்தான் ஆடியிருப்பார். அது அவருக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு இன்னும் ஒரு குத்து போதும்.

பின்னால் லயம் அப்பாவின் குத்துக்காக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

தோற்பது லேசான காரியம் இல்லை. சும்மா நின்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பாவின் குத்தும் என்னைத் தேடி வரப்போவதில்லை. ஆகவே என் பயில்வானை எகிற வைத்து, அந்த ஒல்லி ஆளின் தலைக்கு மேலாகத் தாண்டவிட்டு, அவன் குத்துக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டுபோய் இறக்கினேன்.

குத்துகள் விழுந்தன. இஸ்தோப்பு அதிர்ந்தது.

மூன்றாம் சுற்றில் அதையே இன்னும் கொஞ்சம் நேர்த்தியாகச் செய்தேன்.

பயில்வான் மல்லாந்து விழுந்ததும் வெள்ளையம்மா அத்தை அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி, அவர் தலையிலேயே பரிவட்டம் கட்டிவிட்டார். "பாத்தீங்களா? அன்னைக்கே நெனச்சிருந்தா தொர காலி!" என்றார். அலுமாரி கேட்ட அம்மாகூடக் கை தட்டினார்.

அப்பா உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா காலேஜு, வலிக்குதா?"

தோற்றவன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பிடியை ஒரு தட்டுத் தட்டினேன்.

"இன்னொரு ஆட்டம் வாங்கப்பா. இந்தத் தடவ விட மாட்டேன்," என்று கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன்.