லைன் தின்னும் சகலன்

“அப்லோட சைபராக்கு மச்சான். நான் ஆருக்கும் குடுக்கிறல்ல, எனக்கு மட்டும் வரட்டும்” என்றான் மசூர்.

லெப்டொப்பின் முன்னால் இருந்த நிப்றாஸ் சிரித்துவிட்டான். கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிற கூட்டாளி. மசூர் கோல் எடுத்த வேகத்துக்கு, அஸர் தொழுத கையோடு சாய்ந்தமருதுக்கு வந்திருந்தான்.

“டொரண்டு எண்டா ஆளுக்காள் ஃபைலக் குடுத்து வாங்கிறது, அதுல கஞ்சத்தனம் செய்ய ஏலாதுடா. நீ ஒண்டும் குடுக்காட்டி உனக்கும் ஆரும் ஒழுங்காத் தரமாட்டாங்க. அதுக்காக முழுசாத் திறந்து உட்டாலும் லைன் அடைச்சிக்கும். கொஞ்சம் குறைச்சி வைக்கிறன். இஞ்ச பாரு, ஐநூறு பேரோட கனெக்சன் எண்டு போட்டு வச்சிரிக்காய். இந்தச் சின்ன றவுட்டர் உனக்கு என்ன பாவம் செஞ்சது?”

மசூருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளறையில் மனைவி றுஸ்தாவின் எம்ப்ரொய்டரி மெசின் ஊமையாகக் கிடந்தது. கரண்ட் போய் வந்ததில் அதன் சொஃப்ட்வெயார் அழிந்துவிட்டது. மெசினைச் செய்த கம்பெனியோ எப்போதோ இழுத்து மூடியாயிற்று. வெள்ளிக்கிழமை நிக்காஹ் உள்ள ஒரு பெண்ணின் கலியாண உடுப்பு பாதிப் பூவோடு மெசினிலேயே நின்றது. அதைக் கொடுக்காவிட்டால் இனி றுஸ்தாவை நம்பி இந்த ஊரில் யார் துணி தருவார்கள்?

தேடித் தேடி அந்த சொஃப்ட்வெயாருக்கு ஒரு டொரண்டைக் கண்டுபிடித்திருந்தான் மசூர். அதுவும் உயிரில்லாமல் கிடந்தது. நேற்றுக் காலையில்தான் திடீரென்று ஒரு ஸீட் வந்தது.

“முழு ஃபைலயும் வச்சிக்கிட்டு மத்தவங்களுக்குக் குடுக்கிறவன்தான் ஸீட்” என்றான் நிப்றாஸ். “உலகத்துலயே ஒரேயொரு ஆள்தான் இத வச்சிரிக்கான். அவனும் சொட்டுச் சொட்டாத்தான் தாறான்.”

“எந்த நாட்டு மனிசனோ, அல்லாஹ் அவனுக்கு பறக்கத்தக் குடுக்கட்டும். நேத்துத் தொழுதுட்டு அவனுக்கும் சேர்த்துத் துஆக் கேட்டன்.”

நிப்றாஸ் றவுட்டரில் டொரண்டு வந்துபோகிற போர்ட்டைத் திறந்தான், கனெக்சன்களைக் குறைத்தான், லெப்டொப்பை ஒருமுறை அணைத்துப் போட்டான். வேகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

“உன்ட பக்கம் எல்லாம் சரி. லைன வேற ஆரும் இழுக்கிறாங்களா?”

“வேற ஆரு? என்ட சகலன்தான்!”

மாமனார் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் அடுத்தடுத்து வீடு கட்டிக் கொடுத்தவர், இன்டர்நெட்டை மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாக எடுத்துக் கொடுத்தார். றவுட்டர் மூத்த மருமகன் மசூரின் வீட்டில் இருந்தது. இளைய மருமகன் சாஜித் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வைஃபையில் பிடித்துக்கொள்வான்.

இருவரும் முகம் பார்த்துக் கதைத்து மாதக்கணக்காகிறது. ஒரு கலியாண விருந்தில், ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் சஹனில் மசூர் வந்து இருக்க, சாஜித் எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டான். ஏன் எழும்பினான் என்று இவன் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. வீம்புக்கு இரண்டு பேரிடமும் குறைவில்லை.

றுஸ்தா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“அண்டைக்கி என்ட தங்கச்சி ஆசையா இனிப்புச் செஞ்சி அனுப்பின வட்டிலாப்பத்தயும் திருப்பி அனுப்பினீங்க. இப்ப லைனுக்கும் சண்டையா?”

“அந்த ஊட்டுலருந்து ஒரு உப்புக்கல்லும் இஞ்ச வரப்படாது. சொல்லிப் போட்டன்!”

“வராட்டிப் போகட்டும். பொண்ணுட உம்மா இப்பவும் கோல் எடுத்தா. நான் என்ன பதில் சொல்ற?” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

மசூருக்குச் சகலன் மீதிருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாகத் திரண்டு வந்தது.

“கட் பண்ணு மச்சான். றவுட்டர்ல அவன்ட லெப்டொப்ப கட் பண்ணு.”

“சொல்லாமக் கொள்ளாமயா? பாவம்டா.”

“பாவமாம் பாவம்! நேத்துலருந்து ராப்பகலா அவன்ட லெப்டொப் அணையல்ல, ஜன்னலால தெரியுது. இஞ்ச என்ட பொண்டாட்டி அழுறா, அங்க அவர் சொகுசாப் படம் பாக்கிறார்!”

நிப்றாஸ் வேண்டாவெறுப்பாக றவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து சாஜித்தின் லெப்டொப்பைத் தடுத்துவிட்டான்.

“இப்ப பாரு, எப்படிப் பறக்குது எண்டு” என்று மசூர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

பறக்கவில்லை. வேகம் இறங்கி இறங்கிச் சைபருக்கு வந்து நின்றது.

“ஸீட்டும் பெய்த்துடா” என்றான் நிப்றாஸ், தலையைச் சொறிந்தபடி.

“படுக்கப் பெய்த்தாராக்கும். அவர்ட நாட்டுல இப்ப ராவாயிரிக்கும். நல்ல மனிசன், எழும்பித் திரும்ப வருவார்” என்று மசூர் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டான்.

அப்போது குசினிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. றுஸ்தாவின் தங்கை, சாஜித்தின் மனைவி சுஹைறா வந்திருந்தாள். அவள் அடக்கித்தான் கதைத்தாள். ஆனாலும் அந்தச் சின்ன வீட்டில் ஒவ்வொரு சொல்லும் முன்னறைவரை வந்து விழுந்தது.

“ராத்தா, மச்சானுக்குக் கேட்டிராம மெதுவாக் கதைங்க. கையில தந்தா மச்சான் எடுக்கமாட்டாரே எண்டு, மச்சான் தேடுறார் எண்டு நீங்க சொன்ன அந்த மெசின் ஃபைல இவர் வேலை செய்யிற கார்மென்ட்ஸுல இருந்து கொண்டுவந்து நேத்துலருந்து டொரண்டுல குடுத்துக்கிட்டு இரிக்கார்; இப்ப திடீரெண்டு எங்கட ஊட்டுக்கு லைன் வருதில்லயாம், ஏனெண்டு ஒருக்காப் பாருங்களன்.”