குடுவையில் பிறந்த பிள்ளை

பனீர் கெட்டுப்போகாமல் இருக்க அதில் கலந்திருந்த பொடிக்கு ஃப்ரிட்ஜுக்குள் ஏக மரியாதை. வயிற்றைக் கெடுக்க வந்த கிருமிக் கூட்டத்தை அது ஒற்றை ஆளாக ஒழித்திருந்தது.

“இந்தக் கிருமி வம்சமே ஆகாதுங்க. ஆமா, நீங்க எந்த வீட்டுப் பிள்ளை?” என்று பனீர் கேட்டது.

பொடி தொண்டையைச் செருமிக்கொண்டது. அதைப் பெற்றவளே ஒரு கிருமிதான். பாலைத் தயிராக்கிப் பிழைக்கிற பரம சாது.

“கண்ணாடிக் குடுவையில பிறந்தேன். சொந்தபந்தம் யாருமில்லை.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளிருந்து ஒரு குரல் பதறியது. “அடே ராசா! இங்கயா இருக்கே? இளைச்சுப் போயிட்டியேடா!”

“தெரிஞ்சவங்களா?” என்றது பனீர்.

பொடி வேறு பக்கம் பார்த்தது. “தெரியலையே.”

கிண்ணத்துக்குள்ளிருந்து அதே குரல் இப்போது பணிவாகச் சொன்னது: “மன்னிச்சுக்குங்க தம்பி. கண்ணு சரியாத் தெரியலை. எம்புள்ளைன்னு நினைச்சுட்டேன்.”

“பாவம். பெத்தவளை இப்படித் தேடவிட்டுட்டு எந்தப் பயல் எங்க சொகுசா இருக்கானோ!” என்று அங்கலாய்த்தது பனீர்.

“ஆமாங்க,” என்றது பொடி, கிண்ணத்துக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி.